எஞ்சினுக்கும் குலமுண்டோ?

ஒன்றின் தகுதியை அதன் பிறப்பைக் கொண்டு அளவிடும் வழக்கம் மனிதரைப் பொறுத்தமட்டில் இன்று பகிரங்கமாக நியாயப்படுத்தப்படுவதில்லை. ஆயினும் அவ்வழக்கம் நமது சிந்தனையை விட்டு அடியோடு அகன்றுவிட்டது எனக் கொள்வதற்கில்லை. மனிதரைப் பற்றிப் பேசுமிடத்து நாணத்தோடு மறைக்கப்படும் அது, கருவிகளைப் பற்றிப் பேசுமிடத்து எவ்வித நாணமுமின்றித் தலைகாட்டுகின்றது. இலகுரக விமானங்களிலே மோட்டார்க் கார் எஞ்சின்களை மாற்றியமைத்துப் பொருத்தலாமா என்ற விவாதம் இதற்குத் தக்க சான்றாகும். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக நடந்துவரும் இவ்விவாதத்தில், எஞ்சின் என்ன செய்கின்றது என்ற வினாவிலும் பார்க்க அது எங்கே பிறந்தது என்ற வினாவே பெரிதும் எழுப்பப்பட்டு வந்துள்ளது.

இவ்விவாதத்தில் இரு கட்சியினர் உளர். விமான எஞ்சின் வேறு, கார் எஞ்சின் வேறு; வீதியில் ஓடப் பிறந்ததை ஆகாயத்தில் ஏற்றுதல் அறியாமை; தகுதிச் சான்றிதழோடு தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் லைக்கோமிங், கொன்ரினென்ரல் போன்ற எஞ்சின்களே பறக்கத் தக்கவை என்பர் முதற் கட்சியினர். எஞ்சின் எங்கும் எஞ்சின்தான். உருளையும் ஆடுதண்டும் இரண்டிலும் ஒன்றே. விமான எஞ்சின்களின் விலையுயர்வுக்கு வியாபாரிகளின் பேராசையும் அதிகாரிகளின் கடதாசி மோகமுமே காரணம். இலட்சக்கணக்கில் உற்பத்தியாகும் கார் எஞ்சின் நவீனமானது, மலிவானது, ஆகவே சிறந்தது என்பர் இரண்டாங் கட்சியினர். முன்னவர் பிறப்பைக் காட்டி இழிவுபடுத்துகின்றனர். பின்னவர் பிறப்பைக் காட்டிப் பெருமைப்படுத்துகின்றனர். முடிபுகள் எதிரெதிரானவையாயினும் அளவுகோல் ஒன்றே. அவ்வளவுகோலே பிழையானது என்பதும், எஞ்சினின் தகுதி அது ஏற்கும் பணியாலும் அப்பணிக்கென அது சோதிக்கப்பட்ட முறையாலும் மட்டுமே தீர்மானிக்கப்படத் தக்கது என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

முதற் கட்சியினர் போற்றும் குலப்பெருமையை முதலில் நோக்குவோம். 1903ஆம் ஆண்டு டிசெம்பர் 17ஆம் திகதி றைற் சகோதரரின் விமானத்தை உயர்த்திய எஞ்சின் எங்கிருந்து வந்தது? அவர்கள் எஞ்சின் உற்பத்தியாளர் பலருக்குக் கடிதம் எழுதினர். வேண்டிய வலுவையும் வேண்டிய அளவு குறைந்த நிறையையும் ஒருங்கே தர எவரும் முன்வரவில்லை. ஆகவே அவர்களுடைய சைக்கிள் கடையில் வேலைசெய்த சார்ள்ஸ் ரெய்லர் என்னும் மெக்கானிக் ஆறு வாரங்களில் ஓர் எஞ்சினைச் செய்து முடித்தார். நான்கு உருளைகளை வரிசையாகக் கொண்டு, நீரினாற் குளிர்விக்கப்பட்ட அது அக்காலக் கார் எஞ்சினின் அமைப்பையே தழுவியிருந்தது. அது தந்த வலு ஏறத்தாழ 12 பரிவலு மாத்திரமே.

அதே ஆண்டில் சாமுவேல் லாங்லி என்னும் புகழ்பெற்ற விஞ்ஞானி செய்வித்த விமானத்தில் 52 பரிவலு தரும் எஞ்சின் இருந்தது. அதுவும் கார்ப் பட்டறையோடு உறவுடையதே. நியூயோர்க்கில் கார் செய்த ஸ்டீபன் பால்சர் தொடக்கிய வேலையைச் சார்ள்ஸ் மான்லி மாற்றியமைத்து நிறைவேற்றினார். எஞ்சின் என்ற வகையில் அது அக்காலத்தில் நிகரற்றது. ஆயினும் லாங்லியின் விமானம் இருமுறையும் பொற்றோமாக் ஆற்றில் வீழ்ந்தது. 12 பரிவலு பறந்தது. 52 பரிவலு மூழ்கியது. றைற் சகோதரர் எஞ்சினைத் தனியே கருதவில்லை. சங்கிலிகளின் உதவியால் எஞ்சினின் சுழற்சியை ஏறத்தாழ மூன்றிலொரு பங்காகக் குறைத்து, பெரிய சுழல்விசிறிகள் இரண்டை மெதுவாகச் சுழலச் செய்தனர். எஞ்சின், சுழல்விசிறி, இறக்கை, ஓட்டி ஆகிய யாவும் ஒரே தொகுதி என்ற தெளிவே அவர்களை உயர்த்தியது.

பின்வந்த 'உயர்குல' எஞ்சின்களின் வமிசாவளியும் இத்தகையதே. முதலாம் உலக யுத்தத்தின்போது, 1917இல், அமெரிக்கா பெருந்தொகையாக உற்பத்தி செய்த லிபேர்ட்டி எஞ்சினை வரைந்தவருள் ஒருவர் பக்கார்ட் கார்க் கம்பனியின் பொறியியலாளரான ஜெசி வின்சன்ற். அதனை உற்பத்தி செய்தவை பக்கார்ட், போர்ட், லிங்கன் முதலிய கார்த் தொழிற்சாலைகள். இன்று விமான எஞ்சின் என்றதும் நினைவுக்கு வரும் கொன்ரினென்ரல், விமானத்துறைக்குள் புகுமுன் கார்களுக்கு எஞ்சின் செய்து கொடுத்த கம்பனியாகும். லைக்கோமிங், ஓபர்ன், டியூசன்பேர்க் முதலிய கார்களுக்கு எஞ்சின் வழங்கியது. இவ்வரலாற்றை அறிந்தவர் விமான எஞ்சினை ஒரு தனிக் குலமாகக் கருதுதல் இயலாது. குலமென்று சொல்லப்படுவது பெரும்பாலும் பாட்டனை மறந்தவர் கட்டிய கதையே என்பது இங்கும் உறுதியாகின்றது.

பிறப்பில் வேறுபாடில்லை என்பதனால் பணியிலும் வேறுபாடில்லை என முடிவு கட்டும் இரண்டாங் கட்சியினர் இனிப் பதிலிறுக்க வேண்டும். சமதரையில் ஒரே சீரான வேகத்தில் ஓடும் கார் தன் எஞ்சினின் உச்ச வலுவில் ஐந்திலொரு பங்களவையே வேண்டி நிற்கின்றது. முழு வலுவும் சில செக்கன்களுக்கே தேவைப்படும். விமானமோ தரையைவிட்டு எழும்போது முழு வலுவையும், பின்னர் பயணம் முழுவதும் 65 முதல் 75 வீதம் வரையிலான வலுவையும் மணிக்கணக்காகக் கேட்கின்றது. வீதியில் 2 இலட்சம் கிலோமீற்றர் பழுதின்றி ஓடிய எஞ்சின் என்ற நற்சான்று, அது குறைந்த சுமையோடு நெடுங்காலம் உழைத்தது என்பதையே நிறுவும். பெருஞ்சுமையோடு ஒரு நாள் முழுவதும் உழைக்குமா என்பதற்கு அது விடையாகாது.

அடுத்தது சுழல்விசிறியின் தேவை. விசிறியின் நுனி ஒலியின் வேகத்தை அணுகுமாயின் ஓசை பெருகும், வலு வீணாகும். 1.8 மீற்றர் விட்டமுள்ள விசிறியொன்று நிமிடத்துக்கு 2,700 சுற்றுச் சுழலும்போது அதன் நுனி செக்கனுக்கு ஏறத்தாழ 254 மீற்றர் வேகத்தில் இயங்குகின்றது. அதே விசிறியை, ஒரு நவீன கார் எஞ்சின் தன் உச்ச வலுவைத் தரும் 5,500 சுற்றுகளில் நேரடியாகச் சுழற்றினால் நுனி வேகம் 518 மீற்றராகும். ஒலியின் வேகமோ 340 மீற்றரே. ஆகவே எஞ்சினுக்கும் விசிறிக்குமிடையே வேகங்குறைக்கும் பற்சில்லுத் தொகுதியோ பட்டியோ வேண்டும். அது சேர்ந்த கணமே புதிய பகையொன்று உட்புகுகின்றது, அதுவே முறுக்கதிர்வு. எஞ்சினின் ஒவ்வொரு வெடிப்பும் கிராங்க்தண்டை ஒரு முறை முறுக்கி விடுகின்றது. கனமான விசிறி அம்முறுக்கலை எதிர்க்கின்றது. இவ்விரண்டின் துடிப்பும் ஒத்திசையும் சுழற்சி வேகத்தில் பற்சில்லுகள் நொருங்கலாம், தண்டு முறியலாம். காரில் இருந்த பறப்புச்சில்லும் கிளச்சும் வீதிக்கென ஆராய்ந்து அமைக்கப்பட்டவை. அவற்றை அகற்றிவிட்டு விசிறியைப் பூட்டுபவர், பழைய எஞ்சினைப் பயன்படுத்துவதாக எண்ணிக்கொண்டு, எவரும் முன் சோதித்திராத புதிய இயந்திரமொன்றை ஆக்கிவிடுகின்றார்.

மூன்றாவது, தோல்வியின் விளைவு. காரின் எஞ்சின் நின்றால் வண்டியை வீதியோரம் தள்ளிவிட்டு நிழலில் நிற்கலாம். ஆகாயத்தில் வீதியோரம் இல்லை. இதனாலேயே மரபான விமான எஞ்சினில், பற்றரியைச் சாராது தாமாகவே மின்பொறி எழுப்பும் மக்னீற்றோக்கள் இரண்டு, ஒவ்வோர் உருளைக்கும் பிளக்குகள் இரண்டு என்னும் ஏற்பாடு பேணப்படுகின்றது. இதனைப் பழைமைவாதம் என நகைப்பவர், பற்றரி செத்த பின்னர் தம் நவீன எஞ்சின் எத்தனை நிமிடம் ஓடும் என்று கூறக் கடமைப்பட்டவராவர்.

இவ்வளவும் முதற் கட்சியினருக்குச் சாதகமானவை போலத் தோன்றலாம். அவ்வாறன்று. மேற்கூறிய யாவும் பணியின் நிபந்தனைகள், பிறப்பின் குறைகளல்ல. நிபந்தனைகளை நிறைவேற்றிய கார் எஞ்சின் பறந்திருக்கின்றது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் செரி குரோவ் என்னும் சிற்றூரில் வாழ்ந்த பேர்னார்ட் பீற்றன்போல் தாமே கற்றுத் தேர்ந்த ஒரு மெக்கானிக். 1920களின் இறுதியில் அவர் போர்ட் கம்பனியின் 'ஏ' மாதிரிக் கார் எஞ்சினை 'எயார் கம்பர்' என்னும் தம் மரவிமானத்திற் பொருத்திப் பறந்தார். அவ்வெஞ்சின் 3.3 லீற்றர் கொள்ளளவுடையது. 40 பரிவலுவை நிமிடத்துக்கு 2,200 சுற்றிலேயே தந்துவிடுவது. மெதுவாகச் சுழன்று வலுவைத் தரும் இயல்பே சுழல்விசிறி வேண்டுவதாகும். ஆகவே பற்சில்லுத் தொகுதி எதுவும் தேவைப்படவில்லை. பற்றரியின் இடத்தில் மக்னீற்றோவை அமைத்தார். ரேடியேற்றரை ஓட்டியின் முன்னே உயர்த்தி நிறுத்தினார். கார் எஞ்சினால் விமானம் ஓட்ட முடியாது என எழுதிய சஞ்சிகை ஆசிரியர் வெஸ்டன் பார்மர், அவ்விமானம் பறந்துவந்து இறங்கியதைக் கண்டபின் அதன் வரைபடங்களைத் தம் சஞ்சிகை வாயிலாக வெளியிட்டார். இன்றும் அவ்வரைபடத்தைப் பின்பற்றுவோர் உளர். பீற்றன்போல் 'எஞ்சின் எங்கும் எஞ்சின்தான்' எனக் கூறி அமையவில்லை. விசிறி எதனைக் கேட்கின்றது என்று அறிந்து, அதனைத் தரவல்ல எஞ்சினைத் தேர்ந்தார்.

அவரது வெற்றியை வைத்துக்கொண்டு விமானத்துக்கென எஞ்சின் செய்வது வீண் என வாதிடுவதும் தகாது. பிற்காலத்தில் வந்த கொன்ரினென்ரல் ஓ-200 எஞ்சினின் கொள்ளளவும் 3.3 லீற்றரே. ஆனால் அது 2,750 சுற்றில் 100 பரிவலு தருகின்றது. 1933இல் அமெரிக்க வர்த்தக விமானத்துறைப் பணியகத்தின் தலைவர் யூஜின் வைடல், 700 டொலருக்கு எல்லாரும் வாங்கத்தக்க விமானமொன்று வேண்டுமென அறிவித்தார். அம்முயற்சியின் பயனாக, போர்ட் வீ-8 கார் எஞ்சின் பொருத்திய 'அரோ ஸ்போர்ட்' விமானம் வெளிவந்தது. ஏறத்தாழ 100 விமானங்களோடு அதன் கதை முடிந்தது. மலிவான எஞ்சின், தன் நிறையால் விமானத்தின் பயனைத் தின்றுவிட்டது. அதே காலத்தில் விமானத்துக்கெனச் செய்யப்பட்ட 40 பரிவலு கொன்ரினென்ரல் எஞ்சினோடு பைப்பர் 'கப்' விமானம் சந்தையை வென்றது. இங்கு வென்றது குலமன்று. ஒவ்வோர் இறாத்தலுக்கும் கணக்குக் காட்டிய வடிவமைப்பே.

எஞ்சினின் மீது வீண்பழி விழுந்த சந்தர்ப்பங்களும் உண்டு. பிரான்சியரான ஹென்றி மினியே 1933இல் பறக்கவிட்ட 'வானத்துப் பேன்' என்ற சிறு விமானம் ஐரோப்பாவெங்கும் பரவியது. இங்கிலாந்தில், போர்ட் 10 கார் எஞ்சினை சேர் ஜோன் கார்டன் மாற்றியமைத்த வடிவம் அதிற் பொருத்தப்பட்டது. விமானங்கள் பல வீழ்ந்து உயிர்கள் பலியாகின. காற்றுச் சுரங்கப் பரிசோதனைகள் உண்மையை வெளிப்படுத்தின: முன் இறக்கையும் பின் இறக்கையும் ஒன்றையொன்று பாதித்தமையால், தலைகுத்தாகப் பாயும் விமானத்தை மீட்க முடியாதிருந்தது. அதே கார்டன்-போர்ட் எஞ்சின் 1937இல் 'சில்ற்றன்' என்னும் நேர்த்தியான சிறு விமானத்திற் பொருத்தப்பட்டு நன்கு பறந்தது. காரணத்தை ஆராயாது கார் எஞ்சினைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவோர் இவ்வரலாற்றைப் படிக்க வேண்டும்.

யுத்தத்தின் பின் இத்துறையில் மிகப் பரந்து பயன்பட்டது வொல்க்ஸ்வாகன் எஞ்சின். கிடையாக எதிரெதிரே அமைந்த நான்கு உருளைகள், காற்றினாற் குளிர்வித்தல், இலேசான உலோக உடல் என்னும் மூன்றும் சிறிய விமான எஞ்சினின் இலக்கணத்தோடு ஒத்திருந்தன. பிரான்சில் வரையப்பட்ட 'ரேர்பியுலன்ற்' விமானம் இதனால் இயங்கியது. ஜேர்மனியின் லிம்பாக் கம்பனி அதனையே அடிப்படையாகக் கொண்டு முறையான தகுதிச் சான்றிதழ் பெற்ற எஞ்சின்களை உருவாக்கியது; அவற்றைப் பூண்ட ஷைபே 'பால்க்கே' கிளைடர்களிலே தலைமுறை தலைமுறையாக மாணவர் பறக்கக் கற்றனர். 'கார் எஞ்சினுக்குச் சான்றிதழ் கிடையாது' என்பாருக்கு இது விடை.

அமெரிக்காவின் செவ்ரோலே கோர்வேயர் கார், 1965இல் ரால்ப் நேடர் எழுதிய நூலாற் பாதுகாப்பற்றதெனப் பெயர் கெட்டு, 1969இல் உற்பத்தியும் நிறுத்தப்பட்டது. அதன் ஆறு உருளை எஞ்சினோ பீற்றன்போல் முதலியோரின் கைகளில் விமானமேறி இரண்டாம் வாழ்வு பெற்றது. ஆனால் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், வேகமான விமானங்களிற் பொருத்தப்பட்ட கோர்வேயர் எஞ்சின்கள் சிலவற்றிற் கிராங்க்தண்டு முறிந்தது. காரில் அத்தண்டு விசிறியின் தள்ளலையும் வளைவையும் தாங்கியதில்லை. இதனை மறைக்காது ஆராய்ந்தவர்கள் விசிறிப் பக்கத்தில் ஐந்தாவது பெயரிங் ஒன்றைச் சேர்த்தனர். முறிவு வெட்கத்துக்குரியதன்று, முறிவை மறைத்தலே வெட்கத்துக்குரியது.

பெரிய கம்பனிகளின் அனுபவமும் இதனையே வலியுறுத்துகின்றது. போர்ஷ் கம்பனி தன் 911 காரின் எஞ்சினை அடிப்படையாகக் கொண்டு பீ.எப்.எம். 3200 என்ற விமான எஞ்சினை ஆக்கி 1984இற் சான்றிதழும் பெற்றது. ஒரே பிடியால் இயக்கத்தக்க அது ஓட்டியின் வேலையை எளிதாக்கியது. ஆயினும் நிறையும் விலையும் கூடியதால், ஏறத்தாழ 80 எஞ்சின்களோடு 1991இல் உற்பத்தி நின்றது. பொறியியலில் தேறியது சந்தையிலே தோற்றது.

ஜேர்மனியின் தீலெர்ட் கம்பனி, மேர்சிடிஸ் காரின் 1.7 லீற்றர் டீசல் எஞ்சினை மாற்றியமைத்து 2002இற் சான்றிதழ் பெற்றது. ஜெற் விமான எரிபொருளில் இயங்கும் அது, டயமன்ட் கம்பனியின் பயிற்சி விமானங்களிற் பொருத்தப்பட்டபோது பெரும் வரவேற்பைப் பெற்றது. 2007ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் திகதி, ஷ்பையர் என்னுமிடத்தில் இரட்டை எஞ்சின் விமானமொன்று மேலெழுந்து, சக்கரங்கள் உள்ளிழுக்கப்பட்ட கணத்தில் இரு எஞ்சின்களும் ஒருங்கே நின்றன. பற்றரி வலுவிழந்திருந்தது, சக்கரங்களை இழுத்த மோட்டர் மின்னழுத்தத்தை ஒரு கணம் வீழ்த்தியது, எஞ்சின்களை ஆண்ட மின்னணுச் சாதனங்கள் அக்கணத்தில் மயங்கின. நற்பேறாக உயிரிழப்பு நிகழவில்லை. எஞ்சின்கள் இரண்டு, அவை சார்ந்து நின்ற மின்சாரம் ஒன்று. இக்குறை சான்றிதழ் வழங்கியோரின் கண்ணுக்கும் தப்பியது. பின்னர் மேலதிக பற்றரிகள் சேர்க்கப்பட்டன. 2008இல் கம்பனி வங்குரோத்தடைய, உத்தரவாதத்தை நம்பி வாங்கிய பயிற்சிக் கல்லூரிகள் நட்டாற்றில் விடப்பட்டன. ஆயின் கதை அங்கு முடியவில்லை. டயமன்ட் கம்பனியின் உறவு நிறுவனமாகிய அவுஸ்திரியாவின் ஒஸ்ட்ரோ எஞ்சின், வேறொரு மேர்சிடிஸ் டீசல் எஞ்சினை எடுத்து, அதன் கனத்தை ஏற்றுக்கொண்டு, உறுதியை முதன்மைப்படுத்தி, 2009இற் சான்றிதழ் பெற்றது. அவ்வெஞ்சின்கள் இன்று உலகின் பல நாடுகளிலே மாணவரைச் சுமந்து பறக்கின்றன. கார்க் குலத்திற் பிறந்த இரண்டு. ஒன்று இடறியது, ஒன்று நிலைத்தது. பிறப்பு இதனை விளக்குமா?

மறுதலையான சான்று அவுஸ்திரேலியாவிலிருந்து கிடைக்கின்றது. அங்கு செய்யப்படும் ஜபிரு எஞ்சின் இலகுரக விமானத்துக்கென்றே வடிவமைக்கப்பட்டது. எனினும் தொடர்ச்சியான பழுதுகளின் காரணமாக 2014 டிசெம்பரில் அந்நாட்டு விமானப் பாதுகாப்பு அதிகாரசபை அதன்மீது கட்டுப்பாடுகள் விதித்தது. இலகுரக விமான எஞ்சின்களின் பழுதுகளை ஒப்பிட்டு 2016இல் வெளியான அந்நாட்டு விசாரணைப் பணியகத்தின் அறிக்கை, ஜபிரு எஞ்சின்களின் பழுது வீதமே மிகக் கூடியதெனக் கண்டது. விமானத்துக்கெனப் பிறந்தமை அவ்வெஞ்சினைக் காக்கவில்லை. தரவைத் திரட்டி ஒப்பிட்டமையே ஓட்டிகளைக் காக்க உதவியது.

'இது பொழுதுபோக்காளரின் சச்சரவு. இதிலே பொதுமக்களுக்கு என்ன?' என வினவுவோர் உளர். மூச்சுவிடும் எவருக்கும் இதில் அக்கறையுண்டு என்பதே விடை. உலகின் வீதிகளிலிருந்து ஈயங் கலந்த பெற்றோல் 2021இல், அல்ஜீரியாவில் அதன் விற்பனை நின்றதோடு, முற்றாக ஒழிந்தது. ஆனால் பெற்றோலில் இயங்கும் சிறு விமானங்களுக்கெனப் பரவலாக விற்கப்படும் எரிபொருளில் இன்றும் ஈயமுண்டு, லீற்றருக்கு 0.56 கிராம் வரை அது அனுமதிக்கப்படுகின்றது. சிறு விமானங்களின் ஈயப்புகை பொதுமக்களின் சுகாதாரத்துக்கு ஆபத்து விளைக்கும் மாசுக்குக் காரணமாகின்றது என அமெரிக்கச் சுற்றாடற் பாதுகாப்பு முகவரகம் 2023 ஒக்டோபரில் முறைப்படி தீர்மானித்தது. மரபான விமான எஞ்சின்கள் யாவுமே ஈயத்தை வேண்டுவன அல்ல. குறைந்த அமுக்க விகிதமுடையவை அஃதின்றியும் இயங்கும். உயர்ந்த அமுக்க விகிதமுடையவற்றுக்காகவே அந்த எரிபொருள் பேணப்பட்டு வந்தது. கார் வழிவந்த டீசல் எஞ்சினுக்கோ ஈயம் தேவையில்லை. 1989இற் சான்றிதழ் பெற்ற றோட்டக்ஸ் 912 எஞ்சினும், விமானத்துக்கெனவே செய்யப்பட்டதாயினும், கார்த் தொழில்நுட்பத்தின் பாடங்களை ஏற்று, ஈயமற்ற கார்ப் பெற்றோலில் ஓடுகின்றது. குலத்தூய்மையைக் காப்பதாகக் கூறிக்கொண்டு கார் வழிவந்த அறிவை வாயிலிற் தடுப்பவர், விமான நிலையங்களை அண்டி வாழும் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் கலப்பதற்கும் துணைபோகின்றனர்.

அங்ஙனமாயின் யார் வேண்டுமாயினும் எதனையும் பூட்டிப் பறக்கலாமோ? அமெரிக்கச் சட்டத்தின் ஓர் ஏற்பாடு இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. தாமே கட்டிய விமானத்தில் சான்றிதழ் பெற்ற எஞ்சினும் அதற்குரிய விசிறியும் இருப்பின், பிறரை ஏற்றிச் செல்லுமுன் 25 மணி நேரச் சோதனைப் பறப்பு வேண்டும் என்பது அங்கு நெடுங்கால வழக்கு. இல்லையேல் 40 மணி நேரம். அதாவது, சட்டம் கார் எஞ்சினை விலக்கவில்லை; கூடுதலான நிரூபணத்தை மாத்திரம் கோருகின்றது. இதுவே அறிவுடைய நிலைப்பாடு. 40 மணி நேரம் போதுமா என்பது வேறு வினா. சான்றிதழ் கோரும் எஞ்சின் சோதனை மேடையில் 150 மணி நேரம், அதிற் பெரும்பகுதி கடுஞ்சுமையில், ஓடிக் காட்ட வேண்டும். அவ்விதியைக் கடதாசி மோகம் என ஏளனஞ் செய்யும் இரண்டாங் கட்சியினர், தம் எஞ்சின் எத்தனை மணி நேரம் மேடையில் முழுச்சுமையோடு ஓடியது என்ற எளிய கேள்விக்குப் பெரும்பாலும் மௌனமே சாதிப்பர். தனியே பறப்பவன் தன் உயிரைப் பணயம் வைக்கலாம். அருகில் அமர்ந்திருப்பவரின் உயிர் அவனுடையதன்று.

இவ்விவாதத்திலே பல்கலைக்கழகத்துக்குரிய கடமை யாது? பட்டறையின் அறிவைத் தாழ்ந்ததெனக் கருதும் மனப்பான்மை நம் விரிவுரை மண்டபங்களில் இன்னும் நீங்கவில்லை. புதிதாகக் கண்டுபிடித்தல் உயர்ந்தது, உள்ளதைத் திருத்தியமைத்தல் தாழ்ந்தது என்னும் தரவரிசையும் ஒருவகைக் குலப்பிரிவினையே. 1990களில், பொருளாதாரத் தடையின் கீழ் யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகள் பெற்றோல் எஞ்சின்களை மண்ணெண்ணெயில் ஓடச் செய்தனர். சில துளி பெற்றோலாற் தொடக்கி, மண்ணெண்ணெயிற் தொடர்ந்த அவ்வண்டிகளை அக்காலத்தில் வாழ்ந்த எவரும் மறந்திரார். அவர்களுடைய அனுபவம் பெரும்பாலும் வாய்மொழியாகவே நின்றது. பீற்றன்போலின் அனுபவமோ வரைபடமாகி அச்சேறியதால், அவரைக் காணாதவருக்கும் பயன்பட்டது. வேறுபாடு அறிவில் அன்று. அறிவைப் பதிந்து, அளந்து, பிறர் சோதிக்கத்தக்கதாக ஆக்குவதில் உள்ளது. அதனைச் செய்ய வேண்டியவர் பட்டறைக்குச் செல்லத் தயங்காத பட்டதாரிகள்.

ஆகவே, இனி எவரேனும் ஓர் எஞ்சினைக் காட்டி அதன் பிறப்பைப் பேசத் தொடங்குவாராயின், மாணவர் அவரிடம் கேட்க வேண்டிய வினாக்கள் சிலவே. இது முழுச்சுமையில் எத்தனை மணி நேரம் ஓடியது? விசிறியின் தள்ளலைத் தாங்குவது எது? முறுக்கதிர்வு எந்தச் சுழற்சி வேகத்தில் எழுகின்றது. அதனை அளந்தவர் யார்? மின்சாரம் அற்றால் என்ன நிகழும்? முன்னர் முறிந்தது எது. அது எங்கே எழுதி வைக்கப்பட்டுள்ளது? இவற்றுக்கு விடையுள்ள எஞ்சின் எந்தக் காரின் வயிற்றிற் பிறந்ததாயினும் பறக்கட்டும். விடையற்ற எஞ்சின் எத்துணைப் புகழ்பெற்ற விமானத் தொழிற்சாலையின் முத்திரையைத் தாங்கியதாயினும் தரையில் நிற்கட்டும்.